மைசூர்க் கரண்டு மோட்டாரும் ருக்மணியின் தோளும்

என் கூடப்பிறந்த தங்கமே, முனுசாமி,

அக்கா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் இருமல் இல்லாமல் இருக்கிறாயா?

முதலில் பிள்ளைகள் சமாச்சாரம். பெரிய பேரன் சிவராமன் ஹைஸ்கூலில் இந்த வருஷம் கணக்கில் முதலாவதாக வந்தான். வாத்தியார் அவனை எழுந்து நிற்கச் சொல்லி மற்ற பிள்ளைகளைக் கை தட்டச் சொன்னாராம். கமலா ஐந்தாவது முடித்து ஆறாவது போய்விட்டாள். நான் நின்ற இடத்தைத் தாண்டிவிட்டாள், பார்த்தாயா? சின்னவன் பாலு படிப்பில் சுமார்தான், ஆனால் பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் ஒரு சோப்புப் பெட்டி ஜெயித்தான். அதில் இன்னும் சோப்பு வைக்கவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறான். என் பையன், உன் மருமகன் மாது செய்த மாட்டு வண்டியைக் காரிமங்கலம் சந்தையில் ஒரு கிருஷ்ணகிரிக்காரர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது யார் கை வேலை என்று கேட்டாராம். மாது அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டான்.

"அக்கா, உன் பேரன் பேத்தி பெருமையைப் படித்து முடிப்பதற்குள் எனக்கு ஷிப்டு சங்கு ஊதிவிடுகிறது" என்று ஒரு தரம் நீ எழுதியிருந்தாய். எழுதினால் என்ன, மறுபடியும் எழுதுவேன். பெருமையை நான் வேறு யாரிடம் சொல்வது? இந்த ஊரில் சொன்னால் கண் பட்டுவிடும்.

தங்கவயல் விலாசத்துக்கு இனி எழுதினால் கடுதாசி திரும்பி வந்துவிடும் என்று சிவராமன் சொன்னான். பத்திரிகைக்கு அனுப்பினால் அச்சில் போடுவார்களாம். நாலு பேர் படிப்பார்கள், உனக்குக் கூச்சமாக இருக்கும். பொறுத்துக்கொள். உனக்கு எழுதாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

நீ அனுப்பின மோட்டாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அது இப்போது எங்கள் வீட்டில் இல்லை. ஏன் இல்லை என்று உனக்கு நான் சொல்லியாக வேண்டும்.

மேட்டூர்க் கரண்டு வருவதற்காகச் சேலம் ரோட்டில் கம்பம் நட்டது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து மாதுவுக்குத் தூக்கம் இல்லை. பட்டறைக்கு மிஷின் வாங்க வேண்டும் என்று அதே பேச்சு. எந்த மிஷின் என்று கேட்டால் ஒரு நாள் வட்ட ரம்பம் என்பான், மறுநாள் சாணைக்கல் என்பான். சேலத்தில் ஒரு மரக்கடையில் வட்ட ரம்பம் ஓடுவதைப் பார்த்துவிட்டு வந்தவன், களி தின்கிறபோதுகூடக் கையைத் தள்ளித் தள்ளி மரம் அறுத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு ஆளு நாளு பூரா இழுக்கற மரத்த, அது வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள அறுத்துப் போடுதும்மா!"

"அறுத்து அறுத்து எங்கடா அடுக்கப் போற? முதல்ல வண்டி வாங்க ஆளு வரட்டும்" என்றேன்.

உன்னைக் கேட்டு எழுதச் சொன்னான். மிஷினோடு பிழைத்தவன் நீதானே. சுரங்கத்துக்கு அடியில் காற்றால் ஓடுகிற துளை மிஷினைப் பாறையில் அழுத்திப் பிடித்துக்கொண்டே உன் வாலிபம் போயிற்று. மார்பில் தூசு அடைத்து இருமல் கண்ட பிறகுதான் மேலே பட்டறை வேலைக்கு மாற்றினார்கள்.

உன் பதிலை மாது உரக்கப் படித்தான். "மாப்பிள்ளை, மிஷின் எவ்வளவு வேகம் என்று கேட்காதே. தூசு எங்கே போகும் என்று கேள். சாணைக்கல் வேண்டவே வேண்டாம், வாங்கினாலும் பிள்ளைகள் விளையாடுகிற பக்கம் வைக்காதே. வட்ட ரம்பத்துக்குத் தீனி போட இப்போது உன்னிடம் மரம் இல்லை. நம் பட்டறையில் யாருக்குக் கை வலிக்கிறது? அதை எழுது. அங்கே மோட்டாரைப் போடலாம்."

படித்துவிட்டு மாது நிமிர்ந்து பார்த்தான்.  எல்லோரும் அவன் பெண்டாட்டி ருக்மணியைப் பார்த்தோம். அவள் சேலைத் தலைப்பை இழுத்து வலது தோளை மூடிக்கொண்டாள்.

வண்டிக்கு அடிக்கிற இரும்புப் பட்டைகளுக்கெல்லாம் துளை போட வேண்டும் அல்லவா? அந்தத் துளை மிஷின், நம் பட்டறைத் தூணில் மாட்டியிருக்கிறதே, அதே பழையதுதான். மாது பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான், ருக்மணி நின்று கைப்பிடியைச் சுற்றுவாள். ஒரு துளை விழுவதற்குள் அடுப்பில் உலை கொதித்துவிடும். ஓடிப்போய்க் களியைக் கிண்டிவிட்டு வந்து மறுபடியும் சுற்றுவாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளுக்கு இதே வேலை. வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. மாமியாரிடம் எந்த மருமகள் சொல்வாள்?

"ஏன் ருக்கு, வலிக்குதா?" என்று மாது அன்றைக்குத்தான் கேட்டான்.

"துளை மிசினு வலிக்குதான்னு கேக்காம என்னைய கேக்கறீங்களே, அதுவே போதுங்க" என்றாள்.

அதை எழுதி அனுப்பினோம். நீ உடனே முடிவு செய்துவிட்டாய். புது மிஷின் வேண்டாம், பழைய மிஷினில் கைப்பிடியைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு சக்கரம் போடு, பெல்ட்டு மாட்டு, மோட்டாரை மட்டும் நான் பார்த்து அனுப்புகிறேன் என்றாய். அதற்கப்புறம் உன் கடுதாசி வரவில்லை. தந்திதான் வந்தது.

மாது மொரப்பூர் வரைக்கும் பஸ்ஸில் போய், ரயில் பிடித்து, ஜோலார்பேட்டையில் மாறி, அங்கே போய்ச் சேர்வதற்குள் உன்னை அடக்கம் செய்துவிட்டார்கள். உன் முகத்தைக் கடைசியாக நம் வீட்டு ஆட்கள் யாரும் பார்க்கவில்லை, முனுசாமி. நம் ஊர் வரைக்கும் வந்துகொண்டிருந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தை உலகச் சண்டைக் காலத்தில் பெயர்த்துக்கொண்டு போனார்களே, அது இருந்திருந்தால் மாது நேரத்துக்குப் போயிருப்பானோ? இதைக் கேட்டால் எல்லோரும் பேச்சை மாற்றுகிறார்கள்.

சில மாதம் கழித்து உன் கூட்டாளி அந்தோணி வந்தார். பஸ் மேல் சாக்குச் சுற்றி ஒரு மூட்டை. இரண்டு பேர் சேர்ந்து இறக்கினார்கள். உன் மோட்டார்.

"அக்கா, அண்ணன் இத பழசா வாங்கி, மொத்தமா பிரிச்சு, அவரு கையாலயே பூட்டினாரு. ஓட விட்டு மேல கைய வெச்சுப் பாத்தாரு. பாருடா அந்தோணி, நடுக்கமே இல்ல, என் கைதான் நடுங்குதுன்னு சிரிச்சாரு" என்றார்.

அவரைச் சாப்பிட வைத்துவிட்டு நான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தேன். பச்சை வர்ணம், எண்ணெய் வாசனை. நீ துடைத்த இடம் எது என்று தேடினேன். எல்லா இடமும் துடைத்துத்தான் இருந்தது. கழுத்தில் பூச்சரம் சுற்றினேன். இரும்புக்குக் கழுத்து எது என்று கேட்காதே, எனக்குத் தெரிந்தது.

ஒயர்மேன் கோபாலை அழைத்து வந்தார்கள். அவர் மோட்டார் மேல் அடித்திருந்த சின்னத் தகட்டைத் துடைத்துப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு ஒயரைச் சுருட்டிக் கீழே வைத்துவிட்டார்.

"இது மைசூர்ப் பக்கத்துக் கரண்டுக்குச் செஞ்சதுங்க ஆயா. அந்தக் கரண்டு நொடிக்கு இருவத்தஞ்சு துடிப்பு. நம்ம மேட்டூர்க் கரண்டு அம்பது. இதுல மாட்டினா டபுள் வேகத்துல சுத்தும்."

"வேகமா சுத்தினா நல்லதுதானே?" என்றான் மாது.

"வேகம் இருக்குமுங்க. பலம் இருக்காது."

"ஏம்பா, என் தம்பி ஆயுசு பூரா மிசினோட கெடந்தவன். அவன் தப்பான சாமான அனுப்புவானா?" என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

கோபால் தலையைச் சொறிந்தார். "சாமான் தப்பில்லீங்க ஆயா. சாமான் தங்கம். நம்ம ஊரு கரண்டுதான் அதுக்கு வேத்தாளு."

மாது கெஞ்சினதால், துளை மிஷின் கைப்பிடியைக் கழற்றித் தற்காலிகமாகச் சக்கரமும் பெல்ட்டும் போட்டு, ஒரு தரம் மட்டும் மாட்டிக் காட்டினார். மாதுவைத் தவிர எல்லோரையும் வாசலுக்குப் போகச் சொன்னார். சுவிட்சைப் போட்டதும் அது ஒரு சத்தம் போட்டது பார், பெண்பிள்ளை வீறிட்ட மாதிரி. துளைக்கம்பி கண்ணுக்கே தெரியாமல் சுற்றியது. மாதுவின் முகம் மலர்ந்துவிட்டது. கம்பியை இறக்கி இரும்பில் வைத்தான். வைத்ததும் நின்றுவிட்டது. சுற்றவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை, உறுமிக்கொண்டே நின்றது. வாசல் வரைக்கும் கருகின வாடை வந்தது. கோபால் ஓடி சுவிட்சை அணைத்தார். சின்னச் சக்கரம் போட்டு வேகத்தைக் குறைத்தாலும் இரும்பு மேல் வைத்தால் மூச்சு வாங்கும், சூடேறி வெந்து போகும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று பல நாள் யோசித்தேன். நீ ஊரை விட்டுப் போனபோது இங்கே சீமையெண்ணெய் விளக்குதான். கரண்டு என்பதையே நீ தங்கவயலில்தான் முதலில் பார்த்தாய். உனக்குக் கரண்டு என்றால் அது ஒன்றுதான். எல்லைக்கு இந்தப் பக்கம் வேறு துடிப்பு துடிக்கும் என்று உனக்கு ஏன் தோன்றப் போகிறது? அதுவும் மார் அடைத்துக் கிடந்த அந்த நாட்களில்?

மோட்டாரைப் பட்டறை மூலையில் மணை மேல் தூக்கி வைத்தோம். நான் தினமும் பூ வைத்தேன். சரியான மோட்டார் வாங்க வேண்டுமென்றால் இதை விற்றால்தான் முடியும், வீட்டு நிலைமை அப்படி. அதை என் காதுபட யாரும் சொல்லவில்லை. மாது ஒரு தரம் மட்டும் "கோபாலு கேட்டாரும்மா, இத என்ன செய்யறதா உத்தேசம்னு" என்று ஆரம்பித்தான். நான் பூவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அப்புறம் அவனும் பேசவில்லை.

ஒரு பக்கம் உன் மோட்டார் மாலையோடு உட்கார்ந்திருந்தது. இன்னொரு பக்கம் ருக்மணி பழையபடி கைப்பிடியை மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் வலது கையைத் தூக்கித் தலை வாரிக்கொள்ள முடியாமல் கமலாவைக் கூப்பிட்டு வாரச் சொல்வாள். ஏன் என்று கேட்டால், "பொண்ணு கை பழகட்டுமேன்னுதான் அத்தை" என்பாள்.

ஆயுத பூசை வந்தது. அன்றைக்கு எந்தச் சாமானையும் தொடக் கூடாது, அவற்றுக்கு ஓய்வு. உளி, இழைப்புளி, சம்மட்டி, ரம்பம் எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தான் மாது. பொட்டு வைக்கிற வேலை கமலாவுக்கு. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனாள். உன் மோட்டாருக்குப் பெரிதாக வைத்தாள். துளை மிஷினுக்கு வைத்தாள், அதன் கைப்பிடிக்கு வைத்தாள். பிறகு நேராக அவள் அம்மாவிடம் போய், தலைப்பை விலக்கி, வலது தோளில் சந்தனத்தைத் தடவிக் குங்குமத்தை அழுத்தினாள்.

"அடி இவளே! என்னடி பண்ற?" என்று ருக்மணி சிரித்தாள்.

"மிசின ஓட்டறது இதுதானம்மா? அந்த மோட்டாரு சும்மாதான உக்காந்திருக்குது, அதுக்கே வெச்சாச்சு" என்றாள் கமலா.

 பொட்டு வைத்த இடம் வீங்கியிருந்தது. பட்டறை வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. குழந்தை அழுத்தின இடத்தில் ருக்மணி பல்லைக் கடித்ததும் தெரிந்தது.

நீ என்ன எழுதியிருந்தாய்? கை வலிக்கிற இடத்தில் மோட்டாரைப் போடச் சொன்னாய். கண் கலங்குகிற இடத்தில் போடச் சொல்லவில்லையே. நான் என் கண்ணுக்கு எதிரில் அல்லவா அதை வைத்துக்கொண்டிருந்தேன்?

மறுநாள் சூடத்தட்டு, பூ எல்லாவற்றையும் எடுத்தேன். மாதுவைக் கூப்பிட்டு, "அந்தோணிக்குக் கடுதாசி போடு. மோட்டார எடுத்துட்டுப் போவச் சொல்லு. அது ஓடற ஊருக்கே போவட்டும்" என்றேன்.

அவன் என் முகத்தையே பார்த்தான். "மாமா கைவேல ஆச்சேம்மா."

"அதனாலதாண்டா சொல்றேன். அவன் அத ஒக்கார வெக்கறதுக்கா பூட்டினான்?"

சொல்லிவிட்டேன், ஆனால் அந்தோணி வந்து அதைச் சாக்கில் சுற்றும்போது என்னால் பட்டறைக்குள் நிற்க முடியவில்லை. கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். தந்தி வந்த அன்றைக்கு அழுததை விட அன்றைக்குத்தான் அதிகம் அழுதேன் என்று நினைக்கிறேன். தந்தி வெறும் காகிதம். மோட்டாருக்கு உன் கனம் இருந்தது.

அந்தோணி தேடிக்கொண்டு அங்கேயே வந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தார். வெகு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "ஏன் அந்தோணி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பக்கூட அவனுக்கு நேரம் கெடைக்கலையா? எத்தன கடுதாசில கேட்டேன்."



"போனோம் அக்கா. ஒவ்வொரு தரமும் உங்க லெட்டரு வந்தா கிளம்புவாரு. சலவைச் சட்டை போடுவாரு. ஸ்டூடியோ வாசல்ல பெரிய கண்ணாடி ஒண்ணு வெச்சிருப்பான். அதுல பாப்பாரு. சட்டை அவரு மேல தொங்கும். வேணாண்டா, அக்கா இதப் பாத்தா பஸ் ஏறிடும்னு திரும்பிடுவாரு. அப்புறம் டீ குடிச்சிட்டு வந்துடுவோம்."

அதுதானா, முனுசாமி? கேமராக்காரன் ஊரில் இல்லை என்றாய், மழை என்றாய், முடி வெட்டவில்லை என்றாய். நான் எல்லாவற்றையும் நம்பினேன். வந்திருப்பேனடா. பஸ் ஏறித்தான் இருப்பேன். வந்து உனக்கு ஒரு வேளை களி கிண்டிப் போட்டிருப்பேன். அதில் உனக்கு என்ன வருத்தம்?

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உன் மோட்டாரைத் தங்கவயல் பக்கத்தில் ஒரு மாவு மில்காரர் வாங்கிக்கொண்டார். கேழ்வரகு அரைக்கிறதாம். அந்தோணி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் அங்கே நின்று, அதன் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு வருகிறாராம். நடுக்கமே இல்லை என்று எழுதியிருந்தார்.

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு சேலத்தில் மோட்டார் வாங்கப் போகும்போது ருக்மணியையும் அழைத்துப் போ என்று மாதுவிடம் சொன்னேன். பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று கடைக்காரர் சிரித்தாராம். மாது தகட்டைப் படித்து, நம் ஊர்த் துடிப்புதானா என்று பார்த்துக்கொண்டான். ருக்மணி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். "இரும்பு மேல வெச்சு அழுத்தினா இது மூச்சு வாங்குங்களா?" கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு, முன்னால் காட்டினதை ஓரமாகத் தள்ளிவிட்டு, உள்ளே போய் வேறு ஒன்றை எடுத்து வந்தாராம்.

கைப்பிடியைக் கழற்றி அங்கே சக்கரம் போட்டாயிற்று. பெல்ட்டுக்கு மறைவாக மாது பலகை அடித்திருக்கிறான். இரும்புத்தூள் விழுகிற இடத்தில் தட்டு வைத்திருக்கிறான். தூசு எங்கே போகும் என்று நீ கேட்டது அவனுக்கு மறக்கவில்லை. அது ஓடுகிற சத்தத்தில் அடுப்படியில் ருக்மணி சில நாள் பாடுகிறாள். குரல் சுமார்தான். தோள் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. எண்ணெய் தடவி நீவி விடுகிறேன். இப்போதெல்லாம் வலித்தால் "வலிக்குது அத்தை" என்று சொல்கிறாள்.

கழற்றின கைப்பிடியை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். என்றைக்காவது கரண்டு நின்றுபோனால் வேண்டும் என்கிறான் மாது. அப்போது அவனேதான் சுற்ற வேண்டும் என்று ருக்மணி சொல்லிவிட்டாள்.

வழக்கமாக இந்த இடத்துக்கு வந்ததும் என் பேனா தானாக எழுதும்: தம்பி, உடம்பு இளைக்காமல் சாப்பிடு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தவறாமல் தபாலில் அனுப்பு. இப்போதும் அந்த வரி விரல் நுனி வரைக்கும் வந்து நிற்கிறது.

கேட்கவில்லை, முனுசாமி. இனி கேட்க மாட்டேன். தொப்பி வைத்துக்கொண்டு நாற்காலியில் ஒரு கையை ஊன்றி நிற்கிறாயே, அந்தப் பழைய போட்டோ என்னிடம் இருக்கிறது. அதில் உன் சட்டை உனக்குச் சரியாக இருக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்த வீட்டில் இனி எது வாங்கினாலும், யாருக்குக் கை வலிக்கிறது என்று முதலில் கேட்பேன். வலிக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டேன். தலைப்பை விலக்கிப் பார்ப்பேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
உன் அக்கா,
பச்சையம்மாள்